"குணமாகுதுன்னு ஆதாரம் குடுங்க"ன்னு கேட்டா என்ன காட்டுறது?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் சின்ன டிரஸ்ட் நடத்துறோம். மனநல சிகிச்சையில இருக்கவங்களுக்கு சனிக்கிழமை தோறும் ஓவியம், களிமண், பறை வகுப்பு. இதுவரைக்கும் சிஎஸ்ஆர் பணம் (கம்பெனிங்க சமூகப் பணிக்குன்னு ஒதுக்குறது) குடுத்த கம்பெனி இப்ப "இதனால குணமாகுதுன்னு ஆதாரம் குடுங்க"ங்கறாங்க. எங்ககிட்ட போட்டோ மட்டும்தான் இருக்கு.

பதில்: நோய் குறையும்னு மட்டும் எழுதிக் குடுத்துடாதீங்க. பிரிட்டன்ல மேட்டிஸ்னு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் இருக்க 417 பேர், 2012ல வெளியாச்சு. குழுவா ஆர்ட் தெரபி குடுத்துப் பாத்ததுல அறிகுறியிலயும் அன்றாட செயல்பாட்டுலயும் வித்தியாசம் எதுவும் தெரியல, ஆனா தெரபிக்கு அனுப்பின நிறைய பேர் ஒழுங்கா வரவே இல்லங்கறதையும் சேத்துப் படிக்கணும். கம்பெனிக்காரங்க தேடினா இது கண்ணுல படும், அதனால நீங்களே முன்னாடி சொல்லிடுங்க. 2019ல உலக சுகாதார அமைப்போட ஐரோப்பிய அலுவலகம் 3000க்கு மேல ஆய்வுகள அலசி, கலை உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் உதவுதுன்னு அறிக்கை போட்டுச்சு, அதையும் காட்டலாம், ஆனா உங்க சனிக்கிழமை வகுப்புக்கு அது மட்டும் போதாது.

உங்களோட முதல் ஆதாரம் வருகைப் பதிவேடு. யாரும் கட்டாயப்படுத்தாம ஒருத்தர் மாசக்கணக்கா தொடர்ந்து வர்றார்னா அது சாதாரண விஷயமே இல்லங்க. பேருக்கு டிக் போடுறதோட விட்டுடாம பக்கத்துல ஒரு வரி எழுதி வைங்க. வாசல் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு இருந்தவர் என்னைக்கு பறையை கையில வாங்கினார், அக்கா கூட்டிட்டு வந்துட்டு இருந்தவர் எப்ப தனியா பஸ் ஏறி வந்தார், எல்லாம் தேதியோட. மீண்டு வர்றவங்களுக்கு எது முக்கியம்னு லண்டன் ஆய்வாளர்கள் 2011ல தொகுத்தப்ப அஞ்சு விஷயம் வந்துச்சு: மத்தவங்களோட தொடர்பு, நம்பிக்கை, நோயாளிங்கறத தாண்டி ஒரு அடையாளம், வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம், தன் முடிவ தானே எடுக்குற தெம்பு. உங்க குறிப்புகள இந்த அஞ்சுக்குக் கீழ பிரிச்சு அடுக்குங்க, கலை வகுப்பு நெஜமா தொடுற எடம் அதுதான்.

நம்பரும் வேணும்தான். டபிள்யூஎச்ஓ-5ன்னு அஞ்சே கேள்வி, கடைசி ரெண்டு வாரம் மனசு எப்படி இருந்துச்சுன்னு கேக்கும், ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 5, மொத்தத்த 4ஆல பெருக்கினா நூத்துக்கு இவ்வளவுன்னு வந்துடும். சேரும்போது ஒரு தடவ, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவ. 10 புள்ளி மாறினா அத பொருட்படுத்தலாம். சொல்லிக் குடுக்குற மாஸ்டர் கேக்க வேண்டாம், அவர் மனசு நோகக் கூடாதுன்னு எல்லாரும் நல்லாருக்கோம்னுதான் சொல்வாங்க, வேற ஆள் கேக்கட்டும். இன்னொண்ணு, ரொம்ப முடியாத நேரத்துலதான் பலர் வந்து சேருவாங்க, வகுப்பு இல்லேன்னாலும் அவங்க மார்க் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அதனால எடம் கிடைக்காம காத்திருக்கவங்ககிட்டயும் இதே அஞ்சு கேள்வியக் கேட்டு ஒப்பிடுங்க. பாதியில நின்னவங்களயும் கணக்குல காட்டுங்க, ஏன் நின்னாங்கன்னும் எழுதுங்க, இத மறைச்ச ரிப்போர்ட்ட நான் நம்பவே மாட்டேன்.

போட்டோ விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதை. சிகிச்சையில இருக்கவங்க தகவல ரகசியமா வைக்கணும்னு 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தெளிவா சொல்லுது. யாருக்கு அனுப்புறீங்கன்னு அவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லி எழுத்துல சம்மதம் வாங்காம ஒரு முகத்தக்கூட அனுப்பாதீங்க. வேண்டாம்னு சொன்னாலும் வகுப்புல எடம் உண்டுன்னு அப்பவே சொல்லிடணும்.

கடைசியா, வெளி ஏஜென்சிய வச்சு மதிப்பீடு பண்ணணும்னு கம்பெனி சொன்னா பயந்துடாதீங்க. சிஎஸ்ஆர் விதிப்படி அது கட்டாயம் ஆகுறது சராசரியா வருஷத்துக்கு 10 கோடியோ மேலயோ சிஎஸ்ஆர் செலவு பண்ண வேண்டிய கம்பெனிக்கு, அதுவும் 1 கோடியோ மேலயோ போட்ட திட்டத்துக்குத்தான். உங்க சைஸ் திட்டத்துக்கு மேல சொன்ன பதிவுகளே தாராளம். அத ஒழுங்கா எழுதுற ஆளுக்கு ஒரு சம்பளத்தையும் அடுத்த பட்ஜெட்லயே சேத்துக் கேளுங்க.