பிட்சர் பையனின் அப்பாவுக்கு

வணக்கம் சார். நியூஜெர்சியிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பையனுக்கு பதினாறு வயசு, பதினொன்றாவது படிக்கிறான், பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவன். டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில், எடுத்தால் காலேஜே வேண்டாம் என்கிறான், உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. விளையாட்டை விடச் சொல்லாதீர்கள், அது வேலைக்கும் ஆகாது.

கணக்கை மட்டும் அவனோடு உட்கார்ந்து பாருங்கள். முன்பு 40 சுற்று நடந்த டிராஃப்ட் 2021 முதல் 20 சுற்றுதான், அதிலும் காலேஜில் மூன்று வருஷம் ஆடித் தேறியவர்கள் இவனோடு அதே வரிசையில் நிற்கிறார்கள். எடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம், டிவியில் பார்க்கும் மைதானத்துக்கு நேரே யாரும் போவதில்லை. சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று கீழ்மட்ட லீக்குகளில் ஒவ்வொரு படியாக ஏறணும். அந்த லீக் வீரர்களின் 2023 ஒப்பந்தப்படி சிங்கிள் ஏ-வில் வருஷச் சம்பளம் 26,200 டாலர். உச்சியில் இருக்கும் மேஜர் லீக்கில் 2025-ல் குறைந்தபட்சமே 7,60,000 டாலர். நடுவில் நின்றுபோகிறவர்கள்தான் அதிகம்.

குமார் ராக்கர் என்ற பிட்சரைப் பையனுக்குத் தெரிந்திருக்கும், அம்மா வழியில் இந்தியர். 2018-ல் பள்ளி முடித்தபோது ராக்கீஸ் அணி 38-வது சுற்றில் எடுத்தது. அவர் போகாமல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் வருஷமே டியூக் பல்கலைக்கழக அணியை ஒரு ஹிட்கூட (அடித்துவிட்டு முதல் தளத்துக்கு ஓடிச் சேர்வது) அடிக்கவிடாமல், 19 தடவை ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமல் ஆட்டமிழக்கச் செய்வது) எடுத்தார். 2021 டிராஃப்டில் மெட்ஸ் அணி பத்தாவது ஆளாக எடுத்துவிட்டு, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தமே போடவில்லை. மறுவருஷம் ரேஞ்சர்ஸ் அணி மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023-ல் முழங்கையில் டாமி ஜான் என்ற தசைநார் அறுவைச் சிகிச்சை, மேஜர் லீக்கில் முதல் பந்து வீசியது 2024 செப்டம்பரில். அவ்வளவு திறமை இருந்தும் ஆறு வருஷம் ஆயிற்று.

நாலு வருஷக் காலேஜில் சேர்ந்தால் மூன்றாவது வருஷம் முடியும்வரை, இல்லை 21 வயசு ஆகும்வரை, டிராஃப்டுக்குப் போக முடியாது. அதைப் பையன் நஷ்டமாகப் பார்க்கிறான், நான் அப்படிப் பார்க்கவில்லை. காலேஜே வேண்டாம் என்று கையெழுத்துப் போடும் நாள் வந்தால், பின்னால் படிக்கும் செலவை அணி ஏற்கும் என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், ஏனென்றால் அப்புறம் கேட்டால் கிடைக்காது.

எனக்குப் பெரிய கவலை அவன் கைதான். பள்ளி அணிக்கும், ஊர் ஊராகப் போய் ஆடும் தனியார் டிராவல் அணிக்கும் ஒரே வாரத்தில் வீசுகிறான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கோச் எண்ணுவது அந்தக் கோச்சுக்குத் தெரியாது. மேஜர் லீக்கின் 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதலில் அவன் வயசுக்கு ஒரு நாளைக்கு 95 பந்துதான், 76 பந்து ஆகிவிட்டாலே நாலு நாள் ஓய்வு. ஒரு நோட்டு வாங்கி நீங்களே எண்ணுங்கள், இரண்டு கோச்சிடமும் காட்டுங்கள்.

அப்புறம் அவன் மார்க் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். காலேஜ் விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1-ல் ஆட 16 முக்கியப் பாடங்கள் வேண்டும், அதில் 10 பன்னிரண்டாவது தொடங்கும் முன்பே முடிந்திருக்கணும், அந்தப் பத்தில் ஏழு இங்கிலீஷ், கணக்கு, அறிவியலில். எத்தனை முடித்திருக்கிறான் என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.