மிஸ்டேக், எரர், ஃபால்ட், பிளண்டர்: எல்லாமே தவறுதானே, எதை எங்கே போடுவது?

அகராதியில் எல்லாவற்றுக்கும் தவறு, பிழை என்றே போட்டிருக்கிறது என்கிறீர்கள். உண்மைதான். நானும் வெகுநாள் சின்னத் தப்புக்கு ஒரு சொல், பெரிய தப்புக்கு ஒரு சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அளவை விடுங்கள், எங்கே பிசகியது என்று பாருங்கள்.

மிஸ்டேக் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். 'மாற்றி எடுத்துக்கொள்வது' என்று பொருள். அடுத்தவர் குடையை நம்முடையது என்று எடுத்துப் போனால் அது மிஸ்டேக். எரருக்கு இலத்தீன் மூலம், 'அலைதல், வழி விலகுதல்'. சரியான அளவோ விதியோ ஒன்று இருக்க, அதிலிருந்து விலகுவது. அதனால்தான் கணினித் திரையில் எரர் வருகிறது, மிஸ்டேக் வருவதில்லை. அறிவியலில் மெஷர்மென்ட் எரர் என்பார்கள். அளந்தவர் ஒரு தப்பும் செய்யாதபோதும் அது இருக்கும்.

மொழி கற்பிப்பவர்கள் வேறு மாதிரி பிரிப்பார்கள். பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967இல் எழுதிய கட்டுரையிலிருந்து வரும் வழக்கம் இது. விதி தெரிந்தும் அவசரத்தில் நழுவினால் மிஸ்டேக். விதியே பிடிபடாமல் அதே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் எரர். "ஐ டிட் எ மிஸ்டேக்" என்று நம்மில் பலர் எழுதுவது இந்த இரண்டாம் ரகம். தமிழில் தப்பு 'செய்கிறோம்', கை தானாக 'டூ' பக்கம் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் 'மேக்' தான்.

ஃபால்ட் என்றால் பொறுப்பு யாருடையது என்ற பேச்சு வந்துவிட்டது. "இட்ஸ் மை ஃபால்ட்" என்றால் 'என்னால்தான் இப்படி ஆனது'. இயந்திரத்தில் உள்ள பழுதுக்கும் அதே சொல். பிளண்டரில் மட்டும் அளவும் பேசும்: யோசிக்காமல் செய்து பெரிதாக மாட்டிக்கொள்வது. சதுரங்க ஆட்டக் குறிப்புகளில் மோசமான நகர்த்தலுக்கு ஒரு கேள்விக்குறி, பிளண்டருக்கு இரண்டு.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று, ஓவர்சைட். கவனிக்காமல் விட்டதும் ஓவர்சைட், மேற்பார்வையும் ஓவர்சைட். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'என் மேற்பார்வையால் எல்லாம் நன்றாக முடிந்தது' என்ற நினைப்பில் அறிக்கையில் "ட்யூ டு மை ஓவர்சைட்" என்று பெருமையாக எழுதிவிட்டேன். மேலாளர் படித்துவிட்டுக் கூப்பிட்டார்: "சரி, எதைக் கோட்டை விட்டீங்க?"