ஹம்மிங் பறவை கூட்டை விட்டு அடிக்கடி பறந்துபோகிறதே, முட்டைகளைக் கைவிட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. கூடு கட்டுவது, அடைகாப்பது, ஊட்டுவது எல்லாம் தாயின் வேலை. தந்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பசித்தால் அவள் பறந்துதானே ஆகவேண்டும்? சில நிமிடங்களில் திரும்பிவிடுவாள். பைனாகுலரோடு தள்ளி நின்று பாருங்கள்: அலகில் கொண்டுவந்த சிலந்தி நூலைக் கூட்டின் விளிம்பில் தடவி, மோவாயால் அழுத்துவாள். அந்த நூல் இழுபடும் என்பதால் குஞ்சுகள் வளர வளரக் கூடும் விரிந்து கொடுக்கும்.

வழக்கமாக 2 முட்டைகள், அவரை விதை அளவுதான். சுமார் இரண்டு வாரத்தில் பொரியும். ஊட்டும் காட்சி முதலில் திகிலூட்டும்; ஊசி அலகைக் குஞ்சின் தொண்டைக்குள் குத்துவதுபோலவே இருக்கும். உண்மையில் தேனையும் பூச்சிகளையும் கக்கி ஊட்டுகிறாள். இறகு முளைத்த குஞ்சுகளோடு அவள் இரவில்கூடத் தங்காமல் போகலாம். அதைக் கண்டு குஞ்சுகளைத் தூக்கிவந்துவிடாதீர்கள்.