விக்டோரியா ராணி காலத்துப் பிரிட்டனில் ஒரு ரயில் பணிமனை மேலாளர் எப்படி உருவானார்?

பட்டம் வாங்கி வரும் வேலை இல்லை இது, பட்டறையில் கற்று ஏறிய வேலை. ஆர்ச்சிபால்ட் ஸ்டராக் இதற்கு நல்ல உதாரணம்.

1816-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். டண்டீ வார்ப்பாலையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். அங்கே வரைவாளராக வந்த டேனியல் கூச் நண்பரானார். கூச் பிறகு கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் என்ஜின் பிரிவுத் தலைவரானதும் ஸ்டராக்கை 1840-இல் துணைக்கு அழைத்துக்கொண்டார். திறமையோடு அறிமுகமும் வேண்டியிருந்த காலம்.

அந்த ரயில்வே 1843-இல் திறந்த ஸ்விண்டன் பணிமனைக்கு முதல் மேலாளர் ஸ்டராக்தான். என்ஜின் வடிவமைப்பு கூச்சின் பொறுப்பு. வார்ப்பு, கொல்லுப்பட்டறை, ஆட்கள், கூலி, பழுதான என்ஜின்களைச் சீக்கிரம் திருப்பி அனுப்புவது என மற்றதெல்லாம் மேலாளர் தலையில். முழுக்க அங்கேயே உருவான முதல் என்ஜின் 1846-இல் வெளிவந்தது. அதில் மேலாளரின் பங்கை யாரும் பேசுவதில்லை, அது எனக்கு வருத்தம்தான்.

அப்புறம் 1850-இல் கிரேட் நார்தர்ன் ரயில்வேக்கு என்ஜின் பிரிவுத் தலைவராகப் போனார். அந்த ரயில்வேயின் டான்காஸ்டர் பணிமனை அவர் காலத்தில் வளர்ந்ததுதான். கொதிகலனில் அதிக நீராவி அழுத்தம் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். 1863-இல் என்ஜினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி வண்டியின் சக்கரங்களையும் நீராவியால் ஓட்டிப் பார்த்தார். இழுவை கூடியது, பராமரிப்புச் செலவும் கூடியது. ஒரே சம்பளத்துக்கு இரண்டு என்ஜின் ஓட்டுவதா என்று ஓட்டுநர்களும் முணுமுணுத்தார்கள். திட்டம் நிலைக்கவில்லை.

1866-இல், ஐம்பது வயதில் ஓய்வு பெற்றார். 1909 வரை வாழ்ந்தார்.