9 அடி கூரைக்கு இரண்டு தூண் லிஃப்ட் சரிவருமா?
உங்கள் கார் கராஜில் கூரை 9 அடி உயரம், கான்கிரீட் தளம் 4 அங்குலத் தடிமன், நடுவில் விரிசல் வேறு என்கிறீர்கள். இந்த நிலையில் இரண்டு தூண் லிஃப்ட் (இருபுறமும் நிற்கும் தூண்களின் கைகளால் காரைத் தூக்கும் கருவி) வேண்டாம்.

கூரைக் கணக்கு எளிது. கார் 4 அடி 10 அங்குல உயரம் என்றால் தூக்குவதற்கு மிஞ்சுவது 4 அடி 2 அங்குலம்தான். அடியில் நிமிர்ந்து நிற்க முடியாது.

பெரிய தலைவலி தளம். காரின் எடை தூண்களை உள்பக்கம் சாய்க்கப் பார்க்கும். அந்த இழுவையைத் தூணைத் தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்தான் தாங்குகிறது. விரிசலை ஒட்டிப் போல்ட் போட்டால் இறுக்கும்போதே கான்கிரீட் பிளந்து, போல்ட் சும்மா சுற்றலாம். தூண் லிஃப்ட்தான் வேண்டுமென்றால் அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, கம்பி கட்டி 6 அங்குலத்துக்கு வார்த்து, 28 நாள் கழித்துத் துளையிடுங்கள். துளைத் தூசியை ஊதி வெளியேற்றாவிட்டால் ஆங்கருக்குப் பிடிப்பு வராது (பலர் சறுக்குவது இங்கேதான்). கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்கி, சில தடவை ஏற்றி இறக்கியபின் மறுபடி சரிபாருங்கள்.

என் தேர்வு, காருக்கு அடியில் கத்தரிபோல் விரிந்து சுமார் 4 அடி உயர்த்தும் கத்தரி வகை லிஃப்ட். எடை நேராகத் தளத்தில் இறங்கும். ஆனால் லிஃப்டின் இரும்புச் சட்டம் காருக்கு அடியில் நடுவில் மறிப்பதால் கியர்பாக்ஸ் இறக்குவது சிரமம்.