ஸ்லைடரைத் தொடுமுன் ஊகிக்கச் சொல்லுங்கள்

வணக்கம். ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருளில் பரவளையத்தைக் காட்டும்போது ஆர்வமாகப் பார்க்கும் பத்தாம் வகுப்பு மாணவர்கள், தாளில் வரையச் சொன்னால் திணறுகிறார்கள் என்றும், பள்ளியில் இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். நானும் இதே இடத்தில் தடுமாறியிருக்கிறேன்; பிள்ளைகள் யோசிப்பதற்குள் நாம் விடையைத் திரையில் காட்டிவிடுவதே காரணம் என்று கருதுகிறேன்.

ax² + bx + c என்ற இருபடிக் கோவையில் நடு உறுப்பின் கெழுவான b-ஐ மட்டும் மாற்றினால் வளைவரை எப்படி நகரும் என்பதை, அந்த மதிப்பை இழுத்து மாற்றும் ஸ்லைடரைத் தொடுமுன் ஒவ்வொருவரும் நோட்டில் வரையட்டும். பெரும்பாலோர் பக்கவாட்டில் நகரும் என்றே வரைவார்கள். பிறகு, முனைப்புள்ளி செல்லும் தடம் பதியுமாறு அமைத்து மெதுவாக இழுத்தால், அதே அளவுள்ள இன்னொரு பரவளையம் தலைகீழாக உருவாகும். அந்த வியப்பு அடங்குமுன் மடிக்கணினியை மூடிவிட்டு, வர்க்கப் பூர்த்தி முறையில் முனையின் ஆயத்தொலைவுகளைக் கண்டுபிடித்துக் காரணத்தை நிறுவச் சொல்லுங்கள். வரைவதற்கான பிடி அந்தக் கணக்கில்தான் கிடைக்கிறது.

ஜியோஜீப்ராவைக் கணினியில் நிறுவிக்கொண்டால் இணையம் தேவைப்படாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் இலவச ஃபெட் (PhET) அறிவியல் பாவனைகள் (சிமுலேஷன்கள்) பலவற்றையும் முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.