துப்பாக்கி வாங்கிடலாமா?

கேள்வி: காசிமேட்டுல பொறந்து வளந்தவ நான். வெயில் காலத்துல தெருவுலயே பாய் விரிச்சு தூங்குவோம், கதவு தெறந்தே கெடக்கும். இப்ப சந்து முனையில பசங்க மாத்திரைய கரைச்சு ஊசி போட்டுக்கறானுங்க, பயமா இருக்கு. லைசென்ஸ் எடுத்து துப்பாக்கி வெச்சுக்கலாமா தம்பி?
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: அக்கா, உங்க பயம் நியாயமானது. ஆனா துப்பாக்கி வேணாம். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தாலே ஜெயிலு, சென்னையில கமிஷனர் ஆபீஸ்லதான் அப்ளை பண்ணணும், உயிருக்கு ஆபத்துன்னு காரணம் காட்டணும், போலீஸ் விசாரணை வரும், பொதுவா பயமா இருக்குன்னா குடுத்துட மாட்டாங்க. அப்படியே கெடைச்சாலும் பத்துக்குப் பத்து ரூம்ல பேரப்புள்ளைங்க கைக்கு எட்டாம எங்க வெப்பீங்க?

அந்தக் காலத்துலயும் இங்க சாராயம் இருந்துச்சு, கத்திக்குத்து இருந்துச்சு. ஆனா தெருவுல பெருசுங்க உக்காந்திருக்கும், யாரு வீட்டுப் பையன்னு தெரியும், கூப்ட்டு கேப்பாங்க. அது போனதுதான் எனக்கும் வலிக்குது.

அந்தப் பசங்க போடறது பெரும்பாலும் வலி மாத்திரைங்க, டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாது. அடிக்கற வெயில்ல ஒரு பையன் முழுக்கை சட்டையோடவே சுத்தறான்னா கைய பாருங்க, ஊசித் தழும்பு இருக்கலாம். 14446-க்கு போன் பண்ணுங்க, போதை மீட்பு ஹெல்ப்லைன், காசு கெடையாது. விக்கறவன பத்தி சொல்ல 1933. பேரு சொல்லத் தேவையில்ல.